நீலாம்பாள் சக்கரமும் சாம்பலான கட்டும்

செவ்வந்தித் தெரு அஞ்சலகத்துக் குமாஸ்தா நீலாம்பாள், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சபாபதியின் சைக்கிள் கடைக்குள் நுழைந்தபோது அவளிடம் சைக்கிளே இல்லை. அதை வைத்தே விஷயம் பெரிது என்று சபாபதி ஊகித்துவிட்டான். ஊகிப்பதில் அவன் சூரன். பெரும்பாலும் தப்பாகப் போகும் என்பது வேறு விஷயம்.

அவள் தேடி வந்தது, கடையின் உள்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த சுமதிநாதனை. முசரவாக்கத்துக்காரர். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்து சொந்தக் கடலை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டவுனுக்கு வரும் நாட்களில் சபாபதியின் கடைதான் அவருக்கு ஆபீஸ். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் சமணக் குடும்பத்து மனிதர் என்பதால், எந்த வழக்கையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியில் உண்மையும் உண்டு.

நீலாம்பாள் அழுகிற ரகம் இல்லை. நின்றபடியே சொன்னாள்.

"வியாழக்கிழமை கோட்டத்து அதிகாரி விசாரணைக்கு வர்றாரு சார். வேலை போனா போவுது, சமாளிச்சுக்குவேன். என் சக்கரத்தைத் திருட்டுச் சக்கரம்னு சொல்லி ஒடைக்கப் போறாங்க. அத என்னால தாங்க முடியாது."

அந்தச் சக்கரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அஞ்சலகம் என்றால் கடிதம் மட்டும் இல்லை. எந்தப் பார்சல் எப்போது வந்தது, எந்தப் பையில் போனது என்று தினமும் எழுதும் தாள்கள் மலைபோல் சேரும். அவற்றை மூன்று வருஷம் வைத்திருந்து பிறகு எரித்துவிட வேண்டும் என்பது விதி. செவ்வந்தித் தெருவில் இந்த எரிப்பு வைபவம் பல வருஷமாக நடக்கவில்லை. கரையான் தின்றது போக மிச்சம் கூரையைத் தொட்டது. ஒருமுறை அவசரத்தில் பழையதை வைத்துவிட்டுப் புதியதைக் கொளுத்தி, எல்லாரும் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் நீலாம்பாளுக்கு யோசனை உதித்தது. அவள் நெசவாளர் வீட்டுப் பெண். பக்கத்து வீட்டில் நெய்யும் கலியனை, அண்ணன் மாதிரி பழகியவரை, அழைத்துக்கொண்டாள். தறியின் பாவு நூல் சுற்றும் பழைய மர உருளை ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி முப்பத்தாறு அறைகள் அமைத்தார்கள். தறியின் பல்சக்கரம் ஒன்றையும் மாட்டினார்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் உருளை ஓர் அறை மட்டும் நகரும். காலியாக வந்து நிற்கும் அறையில் அந்த மாதத்துத் தாள்களைக் கட்டாகக் கட்டி வைத்துவிடலாம். முழுச் சுற்று முடித்த கட்டு தானாகக் கீழே இருக்கும் சாக்கில் விழும், ஒரு மணி அடிக்கும். மூன்று வருஷத்துக்கு முப்பத்தாறு மாதம். எதைக் கொளுத்துவது, எதை வைப்பது என்று எவரும் மூளையைக் கசக்க வேண்டாம். கட்டைப் பிரித்துப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. தெருவில் அதற்கு நீலாம்பாள் சக்கரம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

போன மாதம் முதல் சுற்று முடிந்து முதல் கட்டு விழுந்தது. மணி அடித்தது, கேசரி கொடுத்தார்கள், சாக்கைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். கொஞ்ச நாளில் கோர்ட்டிலிருந்து ஓலை வந்தது. ஒரு பட்டு வியாபாரக் குடும்பத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வழக்கு. தம்பி அனுப்பியதாகச் சொல்லும் பார்சல் உண்மையில் அனுப்பப்பட்டதா என்று பார்க்க, அந்த மாதத்துத் தாள்கள் வேண்டுமாம். மூன்று வருஷம் நிறைய இன்னும் நாள் இருந்தது. தேடினார்கள். அந்த மாதம்தான் சாம்பலாகியிருந்தது.

சக்கரம் ஒரு மாதம் முந்திக்கொண்டது எப்படி? யாரோ கைப்பிடியைக் கூடுதலாக ஒருமுறை இழுத்திருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி வலைக்கம்பிக் கூண்டு, பூட்டு, சாவி நீலாம்பாளிடம். அண்ணன்காரன் அவள் கையில் ஏதோ திணித்திருக்கிறான் என்று தெரு பேசத் தொடங்கிவிட்டது.

"அண்ணன்காரன்தான்! இப்பவே போயி அவன் சட்டையைப் புடிக்கலாமா அண்ணா?" என்று சபாபதி வேட்டியை மடித்துக் கட்டினான்.

"முதல்ல சக்கரத்தைப் பார்ப்போம்பா. சட்டை எங்க போவப்போவுது" என்று சுமதிநாதன் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டினார்.

அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டர் திருஞானசம்பந்தம் அவர்களை அரைமனத்தோடு வரவேற்றார். அவருக்குச் சக்கரத்தின் மேல் பாசம், அதிகாரியின் மேல் பயம். இரண்டும் சேர்ந்து மனிதரைப் பாடாய்ப் படுத்தின. இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்ததால் அவர் பேசியதைக் காதை அருகில் கொண்டுபோய்த்தான் கேட்க முடிந்தது.

சுமதிநாதன் கூண்டைத் திறக்கச் சொல்லி அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழிவுப் பட்டுநூலைத் தடிமனாக முறுக்கிக் கயிறாக்கி, அதனால் கட்டிய கட்டுகள். பார்க்கவே அழகாக இருந்தன. முப்பத்தாறு அறையிலும் கட்டு இருந்தது. கூடுதலாக ஒருமுறை இழுத்திருந்தால் ஓர் அறை காலியாக இருக்க வேண்டுமே என்றார். போஸ்ட்மாஸ்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார். ஒரு மாதத்துத் தாள்களை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டாக வைத்திருக்கலாம் என்பது அதிகாரியின் சந்தேகமாம். ஆனால் எந்தக் கட்டும் இளைத்திருக்கவில்லை. எல்லாம் ஒரே பருமன்.

காலி அறையும் இல்லை, பிரித்த கட்டும் இல்லை. அப்படியானால் ஒரு மாதம் எங்கேதான் போயிற்று?

சுமதிநாதன் இரண்டு மூன்று கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். ஒன்று எட்டாம் தேதியில் தொடங்கியது, இன்னொன்று இருபத்தாறில். மாதத்தின் முதல் தேதியில் ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். கலியன் வந்து எண்ணெய் போட்டுக் கைப்பிடியை இழுக்கும் நாளில்தான் கட்டுவது வழக்கம் என்றாள் நீலாம்பாள். மாதம் ஒருமுறை வருவார், ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று பெருமையாகச் சொன்னாள்.

பிறகு சுமதிநாதன் அந்த மணியை விரலால் தட்டினார். கோயில் ஆட்டுக்குட்டி கழுத்தில் கட்டுகிற அளவு மணி. தறிச் சத்தத்தில் அது அடித்ததே பக்கத்தில் நின்ற சபாபதிக்குக் கேட்கவில்லை.

"அன்னைக்கி இது உங்களுக்குக் கேட்டுதா?" என்றார் போஸ்ட்மாஸ்டரிடம்.

"நல்லாக் கேட்டுதே. தெருக்கோடி டீக்கடையில இருந்தவங்ககூட எழுந்து வந்தாங்க."

சுமதிநாதன் தலையை ஆட்டிக்கொண்டார். எரித்ததை யார் பார்த்தது என்று விசாரித்தார். போஸ்ட்மாஸ்டரேதான் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று விதியை உரக்கப் படித்தாராம். மற்றவர்கள் முன்கட்டில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கலியன் சாக்கைத் தூக்கிப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார், கொஞ்ச நேரம் கழித்து இவரும் போயிருக்கிறார். சாக்கோடு சேர்த்துத்தான் கொளுத்தினார்கள். புகை முகத்தில் அடித்தும் இவர் நகரவில்லை. என்ன வாசனை வந்தது என்று கேட்டதற்கு மனிதருக்கு லேசாகக் கோபமே வந்துவிட்டது.

"காகிதத்தைக் கொளுத்தினா காகித வாசனைதான் வரும். மல்லிப்பூ வாசனையா வரும்?"

திரும்பும் வழியில் கலியன் வீட்டுக்குப் போனார்கள். கலியன் தறிக்குழியிலிருந்து எழவில்லை. நெய்துகொண்டே பதில் சொன்னார். தோளும் காலும் ஓடிக்கொண்டிருக்க, முகம் மட்டும் இவர்களைப் பார்த்தது. சக்கரத்தை உடைப்பார்களாமே என்று சபாபதி சொன்னதும் தறி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது.

சுவரில் விளக்கு மாடத்துக்குக் கீழே ஒரு பலகை. அதில் விரலகலப் பட்டுத் துண்டுகள் மஞ்சள் தடவி வரிசையாக இருந்தன. சுமதிநாதன் அவை என்ன என்று கேட்டார்.

"நான் பூட்டின ஒவ்வொரு தறியிலயும் மொத மொத எறங்கினதுங்க. எங்க வூட்ல மொதல்ல எறங்கறத விக்கறதில்ல. சாமிகிட்ட வெச்சிடுவோம்."

பலகையின் கோடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன்மேல் அன்று பறித்த அரளிப்பூ. சுமதிநாதன் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வெளியே வந்துவிட்டார்.

சபாபதிக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போஸ்ட்மாஸ்டர், தம்பிக்காரன், டீக்கடைக்காரன் என்று ஒவ்வொருவராகக் குற்றவாளியாக்கிப் பார்த்தான். பெரிய காஞ்சிபுரம் வருவதற்குள் கோர்ட்டுக் குமாஸ்தாவரை போய்விட்டான். சுமதிநாதன் கேட்டது ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் தெருவில் என்ன கேட்கிறது என்று கவனித்து வரச் சொன்னார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். கண்ணாடி, குடை, சிரிக்காத முகம். கெட்டவர் இல்லை, ஆனால் விதியைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். சக்கரத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போஸ்ட்மாஸ்டரும் நீலாம்பாளும் எதிரே நின்றார்கள். சுத்தியலோடு ஒரு தச்சனையும் வரச் சொல்லியிருந்தார்கள், அவன் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் கலியன் எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வழக்கம்போல் பல்சக்கரத்துக்கு எண்ணெய் விடத் தொடங்கினார்.

இன்று உடைக்கப் போவதற்கு எதற்கு எண்ணெய் என்று அதிகாரி கேட்டார்.

"இன்னைக்கி அதுக்கு நாளுங்க. ஒடைக்கிறவரைக்கும் அது ஓடணும்" என்றார் கலியன்.

சுமதிநாதன் எழுந்தார். எரிச்சல் படாமல் கொஞ்ச நேரம் கேட்கும்படி அதிகாரியை வேண்டிக்கொண்டு, சபாபதியின் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கித் தெருவுல என்னா கேட்டுது சபாபதி?"

"ஒண்ணும் கேக்கல அண்ணா. ஒரு தறிகூட ஓடல. இன்னைக்கி அமாவாசையாச்சே, எவன் தறியில ஒக்காருவான்?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே சபாபதியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

சுமதிநாதன் நிதானமாக விளக்கினார்.

"மணி விழுந்த அன்னைக்கும் தெரு அமைதியா இருந்திருக்குது சார். இல்லன்னா இந்தக் குட்டி மணி டீக்கடை வரைக்கும் கேக்காது. அன்னைக்கும் அமாவாசை. கலியனுக்கு ஓய்வு அமாவாசைக்குத்தான், அதனால சக்கரம் நகர்றதும் அமாவாசைக்குத்தான். இந்தத் தெருவுல பொறந்து வளர்ந்த நீலாம்பாளுக்கு மாசம்னா அமாவாசைக்கு அமாவாசை. வூட்ல கூலி வாங்கறதும் அப்படித்தான், பாவு கணக்குப் பாக்கறதும் அப்படித்தான். ஆனா உங்க விதியில இருக்கற மாசம் இங்கிலீஷ் மாசம். அது கொஞ்சம் நீளம். மூணு வருஷத்துல உங்க மாசம் முப்பத்தாறு. அமாவாசை முப்பத்தேழு வந்துடும்."

போஸ்ட்மாஸ்டர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"கூடுதலா எவரும் இழுக்கல சார். காலி அறை இல்லாததும், கட்டு இளைக்காததும் அதனாலதான். காணாம போன அந்த மாசத்தைச் சந்திரன் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கினு போயிடுச்சு. கலியன் மூணு வருஷத்துல ஒரே ஒரு அமாவாசை சோம்பல்பட்டு வராம இருந்திருந்தாப் போதும், அந்தக் கட்டு இன்னும் உள்ளாற இருந்திருக்கும். தவறாம வந்ததுதான் தப்பாப் போச்சு."

நீலாம்பாள் சக்கரத்தின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி இல்லை, வெட்கம். இவ்வளவு பெரிய சக்கரத்தைக் கட்டியவளுக்கு மாதத்தை எண்ணத் தெரியவில்லை. அதிகாரி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, திருட்டு இல்லை என்று ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் காலத்துக்கு முன்னால் எரித்தது குற்றம்தான். கோர்ட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படியானால் இந்த நெசவுக்காரர் நாள் தெரியாமல் இழுத்ததுதான் காரணம் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எழுதாதீங்க சார்." நீலாம்பாள் முன்னால் வந்தாள். "அவரு வரச் சொன்ன நாளைக்கி வந்தாரு. அமாவாசைக்கு வாங்கன்னு சொன்னது நானு. சக்கரத்து மேல தப்பில்ல, கலியண்ணா மேல தப்பில்ல. எம் பேரை எழுதுங்க."

எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கலியனின் கை நின்றது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுமதிநாதன் அவரைக் கையமர்த்திவிட்டு, ஒரு கட்டிலிருந்து பட்டுக் கயிற்றில் ஒரு துணுக்கை வெட்டி வாங்கினார். சபாபதியிடம் தீப்பெட்டி கேட்டார். துணுக்கில் நெருப்பு வைத்ததும் அது சுருண்டு கருகியது. முடி பொசுங்கும் நாற்றம் அறை முழுவதும் பரவியது. அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

"பட்டு எரிஞ்சா இப்படித்தான் நாறும். காஞ்சிபுரத்துல இது பச்சக் குழந்தைக்கும் தெரியும். ஒரு துணுக்குக்கே இந்த நாத்தம். ஒரு கட்டு முழுக்கச் சுத்தின கயிறு எரிஞ்சிருந்தா?" சுமதிநாதன் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார். "நீங்க நெருப்பு பக்கத்துலயே நின்னீங்க. உங்களுக்கு வந்தது காகித வாசனை."

திருஞானசம்பந்தம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சபாபதிதான் முதலில் விழித்துக்கொண்டான்.

"அப்போ எரிஞ்சது அந்தக் கட்டே இல்ல! சாக்கைத் தூக்கிக்கினு போனது..." என்றவன் கலியனைப் பார்த்ததும் குரலை விழுங்கினான்.

சுமதிநாதன் கலியனின் அருகில் போய் நின்றார். அவர் குரலில் விசாரணை இல்லை.

"உங்க வூட்டுப் பலகையில ஒரு பெட்டி பார்த்தேன். பூ வெச்சிருந்தீங்க."

கலியன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துக் கையைத் துண்டில் துடைத்தார். தலை குனியவில்லை.

"ஆமாங்க. மொத மொத எறங்கினது. நானும் நீலாவும் கட்டின சக்கரத்துல மொதல்ல எறங்கினது. அதைப் போயி எப்படிங்க நெருப்புல போடுவேன்? பழைய நியூஸ் பேப்பரை ஒரு கட்டாக் கட்டிப் பின்கட்டுல வெச்சிருந்தேன். சாக்குல அத மாத்திட்டேன். கோர்ட்டுக்குக் கேட்டது அந்தக் கட்டுதான்னு அப்புறந்தான் தெருவுல சொன்னாங்க. எடுத்தாந்து குடுத்தா, நீலாதான் சொல்லி ஒளிச்சி வெச்சான்னு சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன். இப்ப எழுதிக்குங்க சார், எம் பேரை."

சபாபதி சைக்கிளில் பறந்தான். பெட்டியோடு வந்தபோது அவனுக்கு மூச்சிரைத்தது. கட்டின் முடிச்சு அவிழாமல் இருந்தது, மேலே மஞ்சளும் குங்குமமும் காய்ந்திருந்தன. அதிகாரி தானே பிரித்தார். கோர்ட்டு கேட்ட நாளின் தாள்கள் ஒன்று குறையாமல் உள்ளே இருந்தன. அண்ணன் ஜெயித்தானா தம்பி ஜெயித்தானா என்பது கோர்ட்டின் பாடு, நமக்குத் தேவையில்லை.

அதிகாரி தாள்களை மறுபடி அடுக்கி வைத்தார். அரசாங்கத் தாளை வீட்டில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிடுவதற்கு என்ன தண்டனை என்று எந்த விதியிலும் இல்லை என்பது அவரைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும். கடைசியில் தச்சனை உள்ளே கூப்பிட்டார். நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தச் சக்கரத்துல இன்னும் ரெண்டு அறை சேர்க்க முடியுமாப்பா?" என்று கேட்டார் அதிகாரி.

"தச்சன் எதுக்குங்க? நானே சேத்துடுவேன்" என்று கலியன் முந்திக்கொண்டார்.

இழுக்கும் நாளை மாற்ற வேண்டாமா என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டதற்கு, தறிக்காரரின் ஓய்வு நாளைக் கெடுப்பானேன், இரண்டு அறை கூடினால் காலம் தாராளமாக நிறைந்துவிடும் என்றார் சுமதிநாதன். அதிகாரி தன் அறிக்கையில் சக்கரத்தைப் பற்றி நல்லவிதமாகவே எழுதினார். எழுதுமுன் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். நீலாம்பாள் சக்கரம் என்றார் போஸ்ட்மாஸ்டர். அவள் குறுக்கிட்டு, கலியன் பெயரும் சேர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அப்படியே எழுதப்பட்டது.

கோர்ட்டுக்குப் போன கட்டு சில மாதங்களில் அதே கயிற்றோடு திரும்பி வந்தது. அதற்குள் மூன்று வருஷம் நிறைந்திருந்ததால் விதிப்படி எரித்தாக வேண்டும். அன்றும் அமாவாசை, தெரு அமைதியாக இருந்தது. சுமதிநாதனும் சபாபதியும் வந்திருந்தார்கள். கலியன் மட்டும் பின்கட்டுப் பக்கம் வராமல் சக்கரத்தின் அருகிலேயே நின்றார். கட்டைக் கையில் வாங்கிய திருஞானசம்பந்தம் விதியை உரக்கப் படித்தார். இந்தமுறை ஒரு வரியில் நிறுத்தி, அதையே மறுபடி படித்தார்.

"தாள்களை எரிக்க வேண்டும்னுதான் போட்டிருக்குது. கயித்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

நீலாம்பாள் முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் படிந்த பட்டுக் கயிற்றைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்க் கலியனின் கையில் வைத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டார். பின்கட்டில் நெருப்பு எழுந்தது. போஸ்ட்மாஸ்டர் புகைக்குள் முகத்தை நீட்டி, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"காகித வாசனைதான்" என்றார் திருப்தியாக.